பட்டை வராத கொலனிகள்: மதுவத்தில் டிஎன்ஏ முறிவுப் பழுதுபார்ப்பும் நிறமூர்த்த மாற்றமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு மாவட்டத்தில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில், இறுதியாண்டு விசேட பட்ட மாணவி ஒருவரின் ஆய்வின்போது நடந்தது இது. மாணவி, மேற்பார்வை செய்த விரிவுரையாளர், ஆய்வுகூட உதவியாளர், மாதிரிகளைப் பரிசோதித்துத் தந்த வெளிநாட்டுக் குழு ஆகியோரின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. அதே துறையில் கற்பிப்பவன் என்ற முறையில் குறிப்பேடுகளையும் ஜெல் படங்களையும் பார்த்து இதைத் தொகுத்திருக்கிறேன்.

மாணவிக்கு முதலில் ஆர்வம் இருந்தது கள்ளில் வாழும் மதுவங்களில் (ஈஸ்ட்). படுவான்கரைக்காரர், கள்ளுக்கு அங்கே பஞ்சமில்லை. மேற்பார்வையாளர் அதைத் தள்ளிவைத்தார். ஒரு மதுவத்தின் நிறமூர்த்தங்கள், அதாவது மரபணுக்களைத் தாங்கும் நீண்ட டிஎன்ஏ இழைகள், முன்பு எப்படி இருந்தன என்று தெரியாமல், அவை மாறிவிட்டன என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வி. ஆகவே சக்கரோமைசிஸ் செரவீசியே என்ற, பாணுக்கும் பியருக்கும் பயன்படும் அதே இனத்தின் ஆய்வுகூட வகை ஒன்று தெரிவானது. இந்த இனத்தின் மரபணுத்தொகுதி 1996-இல் முழுமையாக வாசிக்கப்பட்டது: 16 நிறமூர்த்தங்கள், ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் காரச் சோடிகள் (டிஎன்ஏயின் எழுத்துகள்), சுமார் 6,000 மரபணுக்கள். கலத்தில் உண்மையான கருவுள்ள உயிரிகளில் முதலில் முழுதாக வாசிக்கப்பட்டது இதுதான்.

கையில் இருந்த வகை சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒருமடியமானது, அதாவது ஒவ்வொரு நிறமூர்த்தத்திலும் ஒரு பிரதி மட்டும். குழாயில் ஒட்டியிருந்த சீட்டில் ஓர் இலக்கமும் “5 இடது கை, கேன்1–யூரா3” என்ற குறிப்பும் தவிர வேறொன்றும் இல்லை. அதை வரவழைத்த விரிவுரையாளர் பணிமாறிப் போய்விட்டார். விவரக் கடிதம் அவருடைய மின்னஞ்சலோடு போயிற்று. 2022-இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் ஆழ்குளிரூட்டி ஒழுங்காக இயங்கவில்லை. கிளிசரோலில் உறைய வைத்திருந்த மூலப்பிரதி அப்போது கெட்டுப்போனது. அதன்பின் ஏகார்த் தட்டில் (கூழ்போல் உறைந்த வளர்ப்பூடகத்தில்) மாற்றி மாற்றிக் கீறி, சாதாரணக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்தே அந்த வகை காப்பாற்றப்பட்டு வந்தது. சீட்டில் இருந்த குறைவும் தட்டில் தொடர்ந்த வாழ்க்கையும் இந்த நிகழ்வில் தனித்தனியே விளைவு காட்டின.

ஆய்வின் கேள்வி எளியது. டிஎன்ஏயின் இரு இழைகளும் ஒரே இடத்தில் முறிந்தால் கலம் அதைப் பழுதுபார்க்கிறது. அந்தப் பழுதுபார்ப்பில் எத்தனை தடவை நிறமூர்த்தத்தின் அமைப்பே மாறிப்போகிறது?

அளவிடும் முறை

5-ஆம் நிறமூர்த்தத்தின் இடது கை நுனியில் சில பத்தாயிரம் காரச் சோடிகளுக்கு உயிருக்கு அவசியமான மரபணு எதுவும் இல்லை. அந்தப் பகுதி முழுவதும் அறுந்து தொலைந்தாலும் கலம் பிழைக்கும். கேன்1 அங்கேதான் இருக்கிறது. ஆர்ஜினின் என்ற அமினோவமிலத்தைக் கலத்துக்குள் கொண்டுவரும் வாயிற்புரதத்தை ஆக்குவது அது. அதே வாயிலால் கனவனின் என்ற நஞ்சும் உள்ளே போகும். நம் வேலிகளில் படரும் வாளவரையின் விதையில் இருக்கும் நஞ்சுதான் இது. ஆர்ஜினினைப் போலவே இருப்பதால் கலம் ஏமாந்து அதைப் புரதத்தில் சேர்த்துச் சாகும். கேன்1 கெட்டால் வாயில் இல்லை, நஞ்சும் நுழையாது. ஆகவே ஆர்ஜினின் இல்லாத, கனவனின் சேர்த்த தட்டில் வளர்வதெல்லாம் கேன்1 இழந்தவை.

யூரா3 மரபணு கேன்1-க்கு அருகில் செயற்கையாகச் செருகப்பட்டது. அது இருக்கும் கலம் 5-எப்ஓஏ என்ற சேர்மத்தை நச்சாக மாற்றிக்கொண்டு சாகும். இரண்டு நஞ்சையும் ஒரே தட்டில் சேர்த்தால், இரண்டு மரபணுவையும் இழந்த கலம் மட்டும் வளரும். ஒவ்வொன்றும் தனித்தனிப் புள்ளி விகாரத்தால் (ஓர் எழுத்து மாறுவதால்) கெடுவதற்கான வாய்ப்பு கோடியில் ஒரு சில. இரண்டும் தற்செயலாகச் சேர்ந்து கெடுவது நடைமுறையில் நடக்காது. ஆகவே இரட்டைத் தாங்குதிறன் கொண்ட கொலனி (ஒரு கலம் பெருகித் தட்டில் உண்டாகும் புள்ளி) என்றால், நுனி முழுவதும் போயிருக்க வேண்டும். சாதாரண வகையில் இது ஏறத்தாழ 300 கோடிக் கலப்பிரிவுக்கு ஒரு முறை நிகழ்வது.

முறிவுக்குப் பின் கலத்துக்குள் நடப்பது

பின்னால் எடுத்த முடிவுகளுக்கு இது தேவை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரட்டை இழை முறிவு ஏற்பட்டதும் கலம் பிரிவதை நிறுத்திக்கொள்கிறது. இப்படி நிறுத்தி வைக்கும் காவலில் ராட்9 மரபணுவின் பங்கை 1988-இல் வைனர்ட்டும் ஹார்ட்வெல்லும் மதுவத்தில்தான் காட்டினார்கள். நிறுத்தியபின் இரண்டு வழி. ஒன்று, முறிந்த முனைகளை அப்படியே சேர்த்து ஒட்டுவது. இதற்குக் கியூ புரதச் சோடியும் டிஎன்ஏ லிகேஸ் 4-உம் வேண்டும். மனிதக் கலங்களில் இந்த வழிக்குப் பெரிய இடம் உண்டு. மதுவம் இதைக் குறைவாகவே நாடும்.

மதுவம் பெரிதும் நம்புவது இரண்டாவது வழியை. முனையில் ஓர் இழை அரிக்கப்பட்டு, மற்ற இழை தனித்து நீண்டு நிற்கும். அதன்மேல் ராட்52-இன் உதவியோடு ராட்51 புரதங்கள் வரிசையாக ஏறும். அந்த இழை மரபணுத்தொகுதி முழுவதும் தன்னைப் போன்ற வரிசையைத் தேடிப் போகும். கண்டதும் அதற்குள் நுழைந்து, அதை அச்சாகக் கொண்டு தொலைந்ததை எழுதிக்கொள்ளும். 1983-இல் சொஸ்டாக், ஓர்-வீவர், ரொத்ஸ்டைன், ஸ்டால் ஆகியோர் முன்வைத்த மாதிரியின் அடிப்படை இதுதான்.

அச்சு சரியாக இருந்தால் பழுது தடயமே இல்லாமல் தீரும். கலம் தன் டிஎன்ஏயைப் பிரதி செய்து முடித்திருந்தால் உடன்பிறந்த பிரதி பக்கத்திலேயே கட்டுண்டு கிடக்கும். பெரும்பாலும் அதுவே அச்சாகும். ஆனால் முறிவு விழுந்த இடத்திலோ அதன் அருகிலோ இருக்கும் வரிசை, மரபணுத்தொகுதியில் வேறு பல இடங்களிலும் இருந்தால்? ராட்51-க்கு முகவரி தெரியாது, வரிசை மட்டுமே தெரியும். 13-ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கும் ஒத்த வரிசையும் அதற்குச் சரியான அச்சுத்தான்.

மதுவத்தில் அப்படிப் பரவிக் கிடக்கும் வரிசைகளில் முக்கியமானவை டிவை மூலகங்கள். ஆர்என்ஏ வழியாகத் தம்மைப் பிரதி செய்து வேறிடத்தில் செருகிக்கொள்பவை. டிவை1 ஒன்று ஏறத்தாழ 6,000 காரச் சோடி நீளம். நியம ஆய்வுகூட வகையில் முழுமையான டிவை1 மட்டும் முப்பதை ஒட்டி உண்டு. எல்லாக் குடும்பங்களையும் உதிரித் துண்டுகளையும் சேர்த்தால் 250-ஐத் தாண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முறிவின் ஒரு முனைக்கு மட்டும் ஒத்த வரிசை கிடைத்து, மற்ற முனை தொலைந்துவிட்டால், நுழைந்த முனை நிற்க வேண்டிய இடம் தெரியாமல் அந்த நிறமூர்த்தத்தின் கடைசி வரை எழுதிக்கொண்டே போகும். முறிவு தூண்டும் பிரதியாக்கம் என்பது இதுவே. இலட்சக்கணக்கான காரச் சோடிகளை இப்படி எழுத மதுவத்தால் முடியும். பொல்32, பிஃப்1 என்ற புரதங்கள் இதற்குத் துணை. விளைவு, ஒரு நிறமூர்த்தத்தின் நுனி போய், அங்கே இன்னொன்றின் நுனி வந்து ஒட்டியிருக்கும்; நுனியைக் கொடுத்த நிறமூர்த்தம் தான் இருந்தபடியே இருக்கும். பரிமாற்றம் இல்லாத இடமாற்றம்.

இதில் எந்தப் புரதமும் பழுதாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிறமூர்த்தம் மாறிப்போனதற்குக் காரணம் பழுதுபார்ப்பு நடக்காமல் போனது அல்ல. அது நன்றாக நடந்து, அச்சை மட்டும் வேறிடத்திலிருந்து எடுத்ததுதான். இரட்டைமடிய மதுவத்தைக் காமாக் கதிருக்கு உட்படுத்தி 2008-இல் வெளியான ஆய்வொன்றில், முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை சரியாகவே சீராகி, ஏறத்தாழ 2 சதவீதம் மட்டும் நிறமூர்த்த மாற்றமாக முடிந்தன. அவற்றில் அநேகமாக எல்லாமே டிவை போன்ற மீள்வரிசைகளுக்கு இடையே நடந்தவை.

முதலில் கண்டது

மாணவி கைப்பழக்கத்துக்காக முதலில் கனவனின் மட்டும் சேர்த்த தட்டில் பரப்பினார். 48 கொலனிகளை எடுத்து, கேன்1-இன் இரு முனையிலும் பொருந்தும் பிரிமர்களால் (சிறு டிஎன்ஏ துண்டுகள்) பிசிஆர் செய்து, அதாவது கேன்1 முழுவதையும் பல பிரதியாகப் பெருக்கி, துண்டுகளை நீளப்படி பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினார். புள்ளி விகாரமானால் 1,800-ஐ ஒட்டிய நீளத்தில் பட்டை வழக்கம்போல் வரும். 33 கொலனிகளில் வந்தது. 15-இல் எதுவும் இல்லை.

“பட்டையே வரல்ல சேர். டிஎன்ஏ எடுத்தது பிழை போல” என்று அவர் சொன்னதாகக் குறிப்பேட்டிலும் மேற்பார்வையாளரின் நினைவிலும் இருக்கிறது. நியாயமான ஊகந்தான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்கள். பிற்பகலில் அறை வெப்பநிலை 33 பாகையைத் தாண்டும். கலத்தைக் கரைக்கும் நொதியம் ஒருமுறை மேசையிலேயே கிடந்து வீணாகியிருந்தது. ஆய்வுகூட உதவியாளருக்கு வேறு கவலை. கண்ணாடிக் கிண்ணங்கள் குறைவு, அடுத்த வகுப்புக்குக் கழுவ வேண்டும். “அந்த பதினஞ்சையும் எறியட்டா தங்கச்சி?” என்று கேட்டிருக்கிறார்.

முதல் முடிவு: எறியாமல் வைத்தது

மேற்பார்வையாளர் கிண்ணங்களைக் கழுவ விடவில்லை. காரணம், பட்டை வராமைக்கு இரண்டு விளக்கம் இருக்கலாம் என்பது: டிஎன்ஏ கிடைக்கவில்லை, அல்லது டிஎன்ஏ நன்றாகக் கிடைத்தும் பெருக்கவேண்டிய துண்டு அங்கே இல்லை. இவற்றைப் பிரிக்க ஒரு கட்டுப்பாடு போதும். அதே நிறமூர்த்தக் கையில், நுனியிலிருந்து உட்பக்கமாக வரும்போது எதிர்ப்படும் முதலாவது அவசிய மரபணு பிசிஎம்1. உயிரோடு இருக்கும் எந்தக் கலத்திலும் அது இருந்தே தீரவேண்டும். கேன்1 பிரிமரோடு பிசிஎம்1 பிரிமரையும் ஒரே குழாயில் சேர்த்து ஓட்டச் சொன்னார்.

15 கொலனிகளிலும் பிசிஎம்1 பட்டை பளிச்சென்று வந்தது. கேன்1 இல்லை. டிஎன்ஏ எடுத்ததில் பிழையில்லை.

அடுத்த பரிசோதனைக்குப் பிசிஆர்கூட வேண்டியிருக்கவில்லை. 48 கொலனிகளையும் ஒரே தட்டில் ஒழுங்காகப் புள்ளியிட்டு வளர்த்து, வெல்வெட் துணியில் ஒற்றி 5-எப்ஓஏ தட்டுக்கு மாற்றினார்கள். துணி நகரில் ஒரு புடவைக்கடையில் வெட்டி வாங்கியது. தட்டின் அளவுக்குப் பொருந்திய உருளைத் துண்டின்மேல் விரித்து வளையம் போட்டு இறுக்கி, ஒவ்வொன்றும் தாளில் சுற்றி அமுக்கக் கொதிகலத்தில் கிருமி நீக்கப்பட்டது. இழைநுனிகள் ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய ஊசிபோல் வேலை செய்யும். அழுத்தம் கூடினால் புள்ளிகள் கலங்கிவிடும். இரண்டு நாளில் 15 புள்ளிகள் வளர்ந்தன. அதே 15. மற்ற 33-இல் ஒன்றும் வளரவில்லை. கேன்1 மட்டுமல்ல, பக்கத்திலிருந்த யூரா3-உம் போயிருந்தது. நுனிக்கு இன்னும் நெருக்கமான ஒரு மரபணுவையும் தேடினார்கள், அதுவும் இல்லை.

பட்டை வருகிறதா என்று மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பதினைந்தும் கண்ணில் படவே படாது. பிசிஆர் இரு பிரிமருக்கும் இடையில் இருப்பதை மட்டுமே பார்க்கும். முறிவின் இரு பக்கமும் மறுபடி சேராத பழுதுபார்ப்பு எதுவும் அதற்கு வெற்றிடம்.

எண்ணிக்கை இடித்தது

இப்போது வேறொரு கேள்வி எழுந்தது. சாதாரண வகையில் கேன்1 இழந்த கொலனிகளில் நுனி முழுவதும் போனவை ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே மூன்றிலொன்று. ஆயிரத்திலொன்றுக்கும் மூன்றிலொன்றுக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்த அளவீட்டுப் பிழையும் விளக்காது.

மேற்பார்வையாளர் இரண்டு காரணங்களை எழுதிவைத்தார். ஒன்று, பதினைந்தும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்கலாம். முதல் வளர்ப்பு, தட்டிலிருந்த கீற்றிலிருந்து நேரே அள்ளிப் போட்டது. நீண்டகாலம் தட்டில் வாழ்ந்த அந்தக் கீற்றில் எப்போதோ ஒரு கலத்தில் மாற்றம் நடந்து, அதன் சந்ததி பெருகியிருந்தால், 15 கொலனி என்பது ஒரேயொரு நிகழ்வே. 1943-இல் லூரியாவும் டெல்புறூக்கும் பற்றீரியாவில் காட்டிய ஏற்றத்தாழ்வு இதுதான்: மாற்றம் வளர்ப்பில் முந்தி நடந்தால் குவியலாக வரும், பிந்தி நடந்தால் ஒன்றிரண்டாக வரும். இரண்டாவது காரணம், இந்த வகையிலேயே ஏதோ விசேடம் இருக்கலாம்.

மாணவியின் திட்டத்தில் அடுத்து இருந்தது ப்ளியோமைசின் என்ற, டிஎன்ஏயை முறிக்கும் மருந்தைச் சேர்ப்பது. அதை நிறுத்திவைப்பதென்று முடிவாயிற்று. தூண்டாமலே வரும் அளவு விளங்காத நிலையில் தூண்டிப் பார்ப்பதில் பயனில்லை என்பது காரணம். மாணவிக்கு இதில் மனத்தாங்கல் இருந்தது. ஆய்வேட்டுக் காலக்கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. என் கணிப்பில், இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது இதுதான்.

ஒற்றைக் கொலனிகளிலிருந்து 24 வளர்ப்புகள் தனித்தனியே தொடங்கப்பட்டன. ஒவ்வொன்றிலிருந்தும் கனவனின் தட்டில் ஒரேயொரு கொலனி மட்டும் எடுக்கப்பட்டது. 24-இல் 5-க்குப் பட்டை இல்லை. பிள்ளைகள் என்ற விளக்கம் ஓரளவுக்கே பொருந்தியது. மீதிக்கு வகைதான் பதில் சொல்ல வேண்டும்.

இரட்டை நஞ்சுத் தட்டுகளிலும் அதே கதை. ஒவ்வொரு வளர்ப்பிலும் பத்திலொரு பங்கைப் பரப்பியபோது பெரும்பாலானவற்றில் கொலனிகள் இருபதுக்கும் அறுபதுக்கும் இடையில். ஒரு தட்டில் மட்டும் எண்ண முடியாதபடி மண்டியிருந்தது. சராசரி எடுத்தால் அந்த ஒரு தட்டே முழுக் கணக்கையும் இழுத்துப் போயிருக்கும். 1949-இல் லீயும் கூல்சனும் வகுத்த இடைய முறையில் (எண்ணிக்கைகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுப்பது) வீதம் கணிக்கப்பட்டது. சாதாரண வகைக்கு அறியப்பட்டதைவிடப் பல நூறு மடங்கு.

கேட்டுப் பெற்ற விடை

வகையை உருவாக்கிய குழுவுக்கு மேற்பார்வையாளர் எழுதினார். மறுமொழி அடுத்த நாளே வந்தது. கேன்1, யூரா3 இரண்டுக்கும் உட்பக்கமாக, பிசிஎம்1-க்கு வெளியே, வேண்டுமென்றே ஒரு முழு டிவை1 செருகப்பட்ட வகை அது. 2011-இல் வெளியான ஆய்வொன்றில் இதுபோன்ற அமைப்பு நுனி இழப்பை ஏறத்தாழ 380 மடங்கு கூட்டியிருந்தது. இந்தத் தகவல் பழைய கடிதத்தில் இருந்திருக்கும். குழாயின் சீட்டில் இல்லை.

இனி முறிவுக்குப்பின் என்ன நடந்தது என்பதைச் சாதாரணப் பிசிஆரிலேயே பாதி தூரம் பின்தொடர முடிந்தது. டிவை1-க்கு உட்பக்கத் தனிவரிசையில் ஒரு பிரிமர், டிவை1-க்குள் ஒரு பிரிமர்: தனி வளர்ப்புகளில் கேன்1 பட்டை வராத அந்த ஐந்திலும் பட்டை வந்தது. டிவை1-க்குள் ஒன்று, வெளிப்பக்கத் தனிவரிசையில் ஒன்று: ஐந்திலும் வரவில்லை. உள்வாசல் இருக்கிறது, வெளிவாசல் இல்லை. மாற்றம் டிவை1-க்குள்ளேயே நடந்திருக்கிறது.

அதற்கப்பால் என்ன ஒட்டியிருக்கிறது என்பதை இங்கே அறிய வழியில்லை. ஒட்டக்கூடிய இடங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் பிரிமர் வாங்கப் பணமும் இல்லை.

வெளியே அனுப்பியது

நிறமூர்த்தங்களை முழுதாகப் பிரித்துக் காட்டும் துடிப்புப்புல ஜெல் கருவி வெளிநாட்டுக் குழுவிடம் இருந்தது. தாய்வகை ஒன்று, முதல் பதினைந்திலிருந்து 3, தனி வளர்ப்புகளிலிருந்து 5, ஆக 9 மாதிரிகள் அனுப்பப்பட்டன. கிருமி நீக்கிய வடிதாள் துண்டில் மதுவத்தைத் தடவி உலர்த்தி, அலுமினியத் தாளில் மடித்து உறையில் வைத்தால் தபாலிலேயே போய்ச் சேரும், பனிக்கட்டி வேண்டாம்.

ஜெல் படத்தில் மாணவி முதலில் பார்த்தது தாய்வகையின் 5-ஆம் நிறமூர்த்தத்தை. அது சுமார் 5 இலட்சத்து 77 ஆயிரம் காரச் சோடி. 8-ஆம் நிறமூர்த்தம் அதைவிடச் சிறிதளவே குறைவு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே தடித்த பட்டையாகத் தெரியும். மாறிய மாதிரிகளின் நிரல்களில் அந்தப் பட்டை மெலிந்திருந்தது. 8 மட்டும் அங்கே நின்றது. 5 கலைந்து, மாதிரிக்கு மாதிரி வேறு வேறு உயரங்களில் ஏறியிருந்தது. ஒன்றில் ஏறத்தாழ 7 இலட்சத்தில்.

முதல் பதினைந்திலிருந்து போன மூன்றும் அச்சு அசலாக ஒரே கோலம். தனி வளர்ப்புகளிலிருந்து போன ஐந்தும் ஐந்து கோலம். பிள்ளைகள் பற்றிய ஊகம் சரியாயிற்று.

வரிசை வாசிப்பின் ஆழ வரைபடம், அதாவது ஒவ்வோர் இடமும் எத்தனை பிரதி இருக்கிறது என்று காட்டும் கோடு, இன்னும் தெளிவாக இருந்தது. மரபணுத்தொகுதி முழுவதும் கோடு 1 என்ற மட்டத்தில் ஓடுகிறது. 5-ஆம் நிறமூர்த்தத்தின் இடது நுனியில் டிவை1 வரை பூச்சியம். ஒரு மாதிரியில் 13-ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு டிவை1-ஐத் தொட்ட இடத்தில் கோடு செங்குத்தாக 2-க்கு ஏறி, நுனி வரை இறங்கவேயில்லை. அந்தக் கை இரண்டு பிரதியாகியிருக்கிறது: ஒன்று தன் இடத்தில், மற்றது 5-இன் அறுந்த முனையில். தொடங்கிய புள்ளியிலிருந்து நிறமூர்த்த முடிவு வரை இடைவெளியின்றிப் போயிருப்பது முறிவு தூண்டும் பிரதியாக்கத்தின் அடையாளம்.

இங்கே ஒரு நுட்பம். அச்சாகப் பயன்பட்ட டிவை1-கள் எல்லாம் ஒரே திசைப்போக்கில் இருந்தன: எழுதும் திசை நுனியை நோக்கிப் போகும்படி. எதிர்த்திசையில் இருப்பவற்றுக்குள் நுழைந்தால் எழுத்து மையப்பாத்தை (கலப்பிரிவில் நிறமூர்த்தத்தைப் பிடித்து இழுக்கும் இடம்) நோக்கிப் போய், ஒரே நிறமூர்த்தத்தில் இரண்டு மையப்பாத்து வந்துவிடும். கலப்பிரிவில் அது இரு பக்கமும் இழுபட்டு மறுபடி அறுந்துவிடும். அப்படியான பழுதுபார்ப்புகளும் நடந்திருக்கலாம். கொலனியாகி நம் தட்டுக்கு வந்துசேர்ந்தவை மட்டுமே கணக்கில் வந்தன.

ஐந்தில் நான்கு இந்த மாதிரியே, வெவ்வேறு பங்காளி நிறமூர்த்தங்களோடு. ஐந்தாவதில் இரண்டு இடங்களில் கோடு 2-க்கு ஏறியிருந்தது: ஒன்றில் ஒரு நடுத்துண்டு மட்டும், மற்றதில் இன்னொரு டிவை1-இலிருந்து நுனி வரை. எழுதிக்கொண்டிருந்த முனை நடுவழியில் விடுபட்டு வேறோர் ஒத்த வரிசைக்குள் நுழைந்தால் இப்படி வரும். இந்த வகைப் பிரதியாக்கத்தில் அச்சு மாறுவது 2007-இலேயே மதுவத்தில் காட்டப்பட்டது. இரண்டு தனித்தனி முறிவுகளாலும் இதே கோலம் வரலாம் என்று மேற்பார்வையாளர் வாதித்தார். அத்தனை அரிதான நிகழ்வு ஒரே பரம்பரையில் இரு முறை நடந்திருக்கும் என்பதை நான் ஏற்கவில்லை.

குறுகிய வாசிப்புகளால் ஒட்டுவாயை நேரே பார்க்க முடியவில்லை. ஒட்டு விழுந்திருப்பது 6,000 எழுத்து நீளமான டிவை1-க்குள். அதே எழுத்துகள் வேறு முப்பது இடங்களிலும் உண்டு. 150 எழுத்து வாசிப்பு எந்த இடத்துக்குரியது என்று சொல்லவியலாது. டிவை1-ஐ முழுதாகக் கடந்து செல்லும் நீள்வாசிப்பு செய்தபின்பே ஒரே இழையில் 5-இன் வரிசை, டிவை1, 13-இன் வரிசை என்று மூன்றும் தொடர்ந்து வந்தன.

பின்விளைவு

மாணவியின் ஆய்வேடு ப்ளியோமைசின் பகுதி இல்லாமல், நுனி இழப்பின் வகைகள் பற்றியதாக மாற்றி எழுதப்பட்டது. வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வி வந்தது: மதுவத்தில் நடப்பது எங்களுக்கு எதற்கு? மாணவியின் பதிலில் இரண்டு விடயம் இருந்தன. மனிதரில் ராட்51-ஐ இழைமேல் ஏற்றும் வேலையைச் செய்வது பிஆர்சிஏ2. அது கெட்ட குடும்பங்களில் மார்பகப் புற்றுநோய் கூடுவதற்கும் பழுதுபார்ப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இரண்டாவது, இந்த மாற்றங்கள் எப்போதும் கேடு அல்ல. வைன் மதுவங்கள் பலவற்றில் 8-ஆம், 16-ஆம் நிறமூர்த்தங்களுக்கு இடையே நடந்த ஓர் இடமாற்றம், எஸ்எஸ்யு1 மரபணுவுக்கு முன்னால் வலுவான தூண்டுவரிசையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. பீப்பாயில் சேர்க்கும் சல்பைற்றை அவை தாங்குவது அதனால்தான். கள் மதுவங்களில் என்ன இருக்கிறது என்று தேர்வாளர் கேட்க, மேற்பார்வையாளர் சிரித்ததாகச் சொன்னார்கள்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

வகைகளின் முழு விவரமும் இப்போது குழாயோடு மட்டும் இல்லை. துறையின் பொதுப் பதிவேட்டிலும் அச்சிட்ட தாளிலும் இருக்கிறது. உறைபிரதி இரு கட்டடங்களில். கீற்றிலிருந்து அள்ளி வளர்ப்புத் தொடங்குவது நிறுத்தப்பட்டுவிட்டது; ஒற்றைக் கொலனி, ஒரு வளர்ப்புக்கு ஒரு மாதிரி. கேன்1 பிசிஆர் எதுவும் பிசிஎம்1 இல்லாமல் ஓட்டப்படுவதில்லை. பட்டை வராதவற்றைத் தனி நிரலில் எழுதும் பழக்கமும் வந்திருக்கிறது. முன்பு அவை “மீண்டும் செய்க” என்ற ஒரு சொல்லோடு கழிந்துபோயின.

நான் வேறுவிதமாகச் செய்திருக்கக் கூடியது, தாய்வகையை ஆரம்பத்திலேயே ஒருமுறை வாசித்துவிடுவது. பல வருடம் தட்டில் வாழ்ந்த வகை தன் பெயருக்குரிய வகைதானா என்பதற்கு அதைவிட மலிவான உத்தரவாதம் இல்லை. மேற்பார்வையாளர் இதை ஏற்கிறார். பணம் எங்கிருந்து என்று மட்டும் கேட்கிறார்.

ராட்52 நீக்கப்பட்ட அதே அமைப்புடைய வகையும், டிவை1 இல்லாத சோடி வகையும் கேட்டு வாங்கப்பட்டுள்ளன. ராட்52 இல்லாதபோது டிவை1 வழியான நுனி மாற்றம் குறைகிறதா என்று பார்ப்பது அடுத்த பிரிவு மாணவர் ஒருவரின் வேலை. ப்ளியோமைசின் அதற்குப் பிறகு.